மீண்டும் சுவான்சௌ: நான்கு நாட்களும் ஆயிரத்து நூற்றைம்பது நாட்களும்

சீனத்தின் சுவான்சௌ நகருக்கு மறுபடியும் போவதென்று முடிவாகிவிட்டது. வேதாரண்யத்து நண்பர்கள் நாங்கள் மூவர். கையில் இருப்பவை நான்கே நாட்கள். பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் ஒருமுறை போய்வந்தோம். அப்போது பார்த்தவற்றைவிடப் பார்க்காமல் விட்டவையே அதிகம் என்பது, ஊர் திரும்பிப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. இம்முறை அந்தப் பிழை நேரக்கூடாது என்று திட்டம் போட உட்கார்ந்தோம். பயணத் திட்டமாகத் தொடங்கிய குறிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வரலாற்றுக் குறிப்பாக மாறிவிட்டது. அதையே இங்கே வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். தமிழ்ப் பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடும் குவாங்சௌ வேறு, சுவான்சௌ வேறு. முன்னது ஹாங்காங்குக்கு அருகிலுள்ள பழைய காண்டன். பின்னது ஃபூஜியன் மாகாணத்துக் கடற்கரையில் தைவானை நோக்கி இருப்பது. மார்க்கோ போலோவும் இபன் பதூதாவும் சைத்தூன் என்று வியந்து எழுதிய துறைமுகம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரும் அதன் ஆளுகைக்குட்பட்ட சுற்றுவட்டாரமும் சேர்ந்து 87 இலட்சம் மக்கள் வாழும் இடம். 2021இல் யுனெஸ்கோ இந்நகரின் 22 இடங்களை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. சோழர் தூதர்கள் கரையிறங்கியது குவாங்சௌவில். தமிழ் வணிகர்கள் கோயில் எடுத்தது சுவான்சௌவில். இவ்விரண்டையும் ஒன்றாக்கி எழுதும் கட்டுரைகளை இன்றும் காண்கிறோம்.

சென்ற முறை எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு முழுப் பகல். அங்குள்ள கடல்சார் வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு கற்பலகை முன் வெகுநேரம் நின்றோம். யானையொன்று தாமரையேந்தி லிங்கத்தை வழிபடும் காட்சி. திருவானைக்காத் தலபுராணம் தெரிந்த எவருக்கும் விளக்கம் தேவையில்லை. எங்களுக்கு உதவிக்கு வந்த உள்ளூர் இளைஞர் ஒருவர், நாங்கள் தஞ்சைத் தரணியின் கடற்கரையிலிருந்து வருகிறோம் என்று அறிந்ததும் கேட்டார்: “உங்கள் கோயில் கற்களை நாங்கள் இப்படி வைத்திருக்கிறோம். எங்களவர்கள் உங்கள் ஊரில் ஏதும் கட்டினார்களா? அது இருக்கிறதா?”

“இருந்தது” என்று மட்டும் சொன்னோம். மேற்கொண்டு சொல்ல அப்போது மனம் வரவில்லை. இந்த இரண்டாம் பயணத்துக்கு உண்மையான காரணம் அந்தக் கேள்விதான்.

*

பதினான்கு ஆண்டு இடைவெளியில் எழுந்த இரண்டு கல்வெட்டுகள் இந்தக் கதையின் இரு முனைகள்.

முதலாவது நாகப்பட்டினத்தில் இருந்தது. 1330ஆம் ஆண்டு வாக்கில் சுவான்சௌவிலிருந்து கடற்பயணம் புறப்பட்ட வாங் தாயுவான் என்ற சீனர், தாம் கண்ட நாடுகளைப் பற்றி 1349இல் ஒரு நூல் எழுதினார். அதில் பாதன் என்ற இடத்துச் சமவெளியில் செங்கல்லால் எழுப்பிய கோபுரமொன்று நிற்பதாகவும், சியான்சுன் மூன்றாம் ஆண்டு எட்டாம் மாதத்தில் பணி முடிந்ததாக அங்கே சீன எழுத்தில் பொறித்திருப்பதாகவும் சொல்கிறார். பாதன் என்பது பட்டினம், அதாவது நாகப்பட்டினம் என்பது அறிஞர்கள் பெரும்பாலோர் கருத்து. சியான்சுன் மூன்றாம் ஆண்டு என்பது 1267. தென் சுங் அரசின் இறுதிக்காலம் அது; இங்கே சோழராட்சி மூன்றாம் இராசேந்திரனோடு முடியும் தறுவாயில் இருந்தது.

இரண்டாவது கல்வெட்டு 1956இல் சுவான்சௌவில் கிடைத்தது. தமிழில் எழுதப்பட்டது, கடைசியில் சில சீன எழுத்துகளும் உண்டு. சக ஆண்டு 1203, சித்திரை மாதம் சித்திரை நட்சத்திர நாள். கி.பி. கணக்கில் 1281 ஏப்ரல். சம்பந்தப்பெருமாள் என்ற, தவச்சக்கரவர்த்தி எனும் மறுபெயர் கொண்ட ஒருவர், திருக்கதலீச்சரம் உடைய நாயனாரை அங்கே எழுந்தருளச் செய்தார். அது செகசை கானின் திருமேனிக்கு நன்றாகும் பொருட்டு, அவருடைய ஆணையின்படியே நடந்தது என்பது செய்தி. செகசை கான் என்பது குப்லாய் கானைக் குறிக்கும் என்பார் பலர். டி. என். சுப்பிரமணியன் இதைப் படித்து வெளியிட்டார். பின்னர் நொபொரு கராஷிமா போன்றோர் இதை மேலும் ஆராய்ந்தனர்.

கானின் ஆணையைக் குறிக்க அந்தக் கல் பாரசீகச் சொல்லான பிர்மானைத் தமிழாக்கிப் பரமான் என்கிறது. நாயனார் தமிழ், ஆணை பாரசீகம், அரசர் மங்கோலியர், ஊர் சீனம். ஒரே கல்லுக்குள் அன்றைய கடல் வணிகம் முழுவதும் அடங்கிவிடுகிறது.

வேதாரண்யத்துக்காரர்களான எங்களைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பெயர். மூடிக்கிடந்த மறைக்காட்டுக் கதவம் திறக்க அப்பர் பாடினார், மீண்டும் அடைக்கச் சம்பந்தர் பாடினார் என்பது எங்களூர்க் குழந்தைகளும் அறிந்த கதை. அந்தச் சம்பந்தரின் பெயரைத் தாங்கிய ஒருவர், காவிரிப் படுகையிலிருந்து பல ஆயிரம் கல் தொலைவில் ஒரு சிவன் கோயில் கதவைத் திறந்திருக்கிறார். அவர் எந்த ஊர்க்காரர் என்று கல் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தவர் என்று உரிமை கொண்டாட எங்களுக்கு ஆதாரமில்லை, கொண்டாடவும் மாட்டோம். தேவார மரபு எவ்வளவு தூரம் கப்பலேறியது என்பதை அந்தப் பெயரே காட்டிவிடுகிறது. அது போதும்.

*

நான்கு நாள் போதுமா என்று கவலைப்பட்டுக் கொண்டிருந்த எங்களை வெட்கப்பட வைத்தவை சுங் அரசமரபின் வரலாற்று ஏடுகள்.

1015இல் சோழநாட்டுத் தூதுக்குழு ஒன்று சீனப் பேரரசரைக் கண்டது. குழுவில் 52 பேர். அவர்கள் கொண்டுபோனவை 21,100 லியாங் முத்து, 60 யானைத் தந்தம், 60 கட்டி சாம்பிராணி என்று ஏடு கணக்கு வைத்திருக்கிறது. முத்து மட்டும் இன்றைய நிறையில் ஏறத்தாழ எண்ணூறு கிலோ. ஊரைவிட்டுப் புறப்பட்டுக் குவாங்சௌவை அடைய அவர்களுக்கு ஆன நாட்கள் 1,150. மூன்றாண்டுக்கும் மேல்! அனுப்பிய அரசனின் பெயரைச் சீன ஏடு லோ-சா-லோ-சா என்று ஒலிபெயர்க்கிறது, இராசராசன்தான். அவர்கள் ஓலையை நீட்டியபோது இராசராசன் உயிரோடு இல்லை. 1014லேயே மறைந்துவிட்டான். அச்செய்தி வழியில் அவர்களை எட்டியிருக்குமா? எட்டியிருந்தாலும் ஓலையை மாற்றி எழுத எந்தத் துறைமுகத்தில் யாரைக் கேட்டிருப்பார்கள்?

1020இல் இன்னொரு தூதர் சென்றார். குவாங்சௌ வரை போய்ச் சேர்ந்தவர் அங்கேயே நோயுற்று இறந்தார். உடன் வந்தவர்களுக்கு விருந்தளித்து, பரிசுகள் தந்து திருப்பி அனுப்பும்படி பேரரசர் ஆணையிட்டார். அவருடைய பெயரைச் சீன எழுத்துகளில் வைத்துத் தமிழுக்கு மீட்க முயன்றவர்கள் உண்டு. எந்த வடிவமும் நிலைபெறவில்லை. போனவர் திரும்பவில்லை, பெயரும் திரும்பவில்லை.

1033இல் இராசேந்திரன் பெயரால் ஒரு குழு சென்றது. முன்னரும் பலமுறை வர முயன்றோம், புயல் தடுத்துவிட்டது என்று அதன் தூதர் சொன்னதாகப் பதிவு. 1077இல் போன தூதர்கள் அரசவைப் படியேறி, மண்டியிட்டு, முத்தையும் கற்பூரத்தையும் வாரி இறைத்தார்கள். பதிலுக்குச் சோழனுக்குக் கிடைத்தது 81,800 கோவை செப்புக் காசும் 52,000 லியாங் வெள்ளியும். இதைக் காணிக்கை என்று சீன ஏடு எழுதும். நம் பக்கத்துக் கணக்கர் இதை வணிகம் என்றே எழுதியிருப்பார். தஞ்சை மாவட்டத்து விக்ரமம், ஓலையக்குன்னம், மன்னார்குடிப் பக்கத்துத் தாளிக்கோட்டை ஆகிய ஊர்களில் மண்ணுக்கடியிலிருந்து சீனக் காசுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. நெல் விளையும் வயலுக்கடியில் சுங் அரசின் சதுரத் துளையிட்ட காசு!

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இந்தத் தூதுகளைக் கொண்டு சோழன் சீனத்தை அடக்கினான் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. 1077ஆம் ஆண்டுத் தூதை அனுப்பிய அரசனின் பெயரும், 1079இல் குவாங்சௌவில் ஒரு தாவோயிசக் கோயிலைப் புதுப்பித்த ஸ்ரீவிஜயத் தலைவனின் பெயரும் சீன ஏடுகளில் ஒத்திருப்பதை வைத்து, அது முதற்குலோத்துங்கனே என்று வாதிட்டோரும் உண்டு. சுவையான ஊகம்; முடிந்த முடிபல்ல. ஆயிரத்து நூற்றைம்பது நாள் கடலில் கிடந்து ஓலை கொண்டுபோனவர்களின் பொறுமையே எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது.

*

ஏன் இத்தனை நாள்? பெரும்பகுதி காத்திருப்புத்தான். தென்மேற்குப் பருவக்காற்று கப்பலைக் கிழக்கே தள்ளும். வடகிழக்குக் காற்று திரும்பக் கொண்டுவரும். இடையில் கடாரத்திலோ ஸ்ரீவிஜயத்திலோ அடுத்த காற்றுக்காக மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். சீனத் துறைமுகத்தில் சேர்ந்தவர்களும் குளிர்காலக் காற்று எழும்வரை அங்கேயே தங்கியாக வேண்டும். மாதக்கணக்கில் தங்குபவனுக்கு வீடு வேண்டும், கடை வேண்டும், கும்பிடச் சாமி வேண்டும். சுவான்சௌவின் சிவன் கோயிலுக்குப் பக்தி எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் காற்றும்.

இதற்கு அழகான சான்று 1281ஆம் ஆண்டிலேயே கிடைக்கிறது. கொல்லத்துக்குக் குப்லாய் கான் அனுப்பிய யாங் திங்பி என்ற தூதர், அவ்வாண்டின் முதல் மாதத்தில் சுவான்சௌவில் கப்பலேறினார். மூன்று மாதத்தில் இலங்கை. காற்று எதிர்த்தது, உணவு தீர்ந்தது. மாபாருக்குப் போய் அங்கிருந்து தரைவழியே கொல்லம் போகலாம் என்று கப்பலோட்டிகள் சொன்னார்கள். மாபார் என்பது தமிழ்க் கடற்கரைக்கு அரபு வணிகர் இட்ட பெயர். அப்போது பாண்டியன் குலசேகரனின் நாடு. நான்காம் மாதத்தில் கரையிறங்கினார். தரைவழி இல்லை என்று அமைச்சர்கள் கைவிரித்துவிட்டார்கள். பதினோராம் மாதத்து வடகாற்றுக்குக் காத்திருந்து மறுபடி புறப்படுவதென்று முடிவு செய்தார் தூதர். அவ்வாறே 1282 தொடக்கத்தில் கொல்லம் சேர்ந்தார்.

கானின் தூதர் தமிழ்க் கரையில் வழிகேட்டு நின்றதும், தமிழர் ஒருவர் கானின் நலனுக்காகச் சுவான்சௌவில் நாயனாரை எழுந்தருளச் செய்ததும் சில வாரங்கள் முன்பின்னாக நடந்தவை. ஒருவரையொருவர் அறிந்திருக்க நியாயமில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு எழுநூறாண்டு கழித்து வந்த நமக்குத்தான் கிடைத்திருக்கிறது.

*

ஆகவே எங்கள் திட்டம் இப்படி அமைந்திருக்கிறது.

காலம், சித்திரை. கல்வெட்டுச் சொல்லும் சித்திரை நட்சத்திரம் பௌர்ணமியை ஒட்டி வருவது. சித்ரா பௌர்ணமி நாளில் அந்தக் கல்லின் முன் நிற்க வேண்டும் என்பது ஆசை. மே மாதத் தொடக்கத்தில் அங்கே தொழிலாளர் தின விடுமுறைக் கூட்டம் மிகும்; அதற்குள் திரும்பிவிடலாம்.

முதல் நாள், திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஷியாமென் நகரம். சென்ற முறை நாங்கள் செய்த பெரும்பிழை இங்கேதான். தமிழ்க் கல்வெட்டைச் சுவான்சௌவிலேயே தேடினோம். அதுவோ ஷியாமென் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பல்கலைக்கழக வளாகமாதலால் முன்கூட்டியே எழுதி அனுமதி கேட்டிருக்கிறோம்.

இரண்டாம் நாள் அதிவேக ரயிலில் சுவான்சௌ. அரைமணியளவு நேரப் பயணம். காயுவான் பௌத்தக் கோயிலை இம்முறை நிதானமாகப் பார்க்க வேண்டும். அதன் பெரிய மண்டபத்துக்குப் பின்னால் பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு உண்டு. உரலில் கட்டுண்டு மரங்களை வீழ்த்தும் கண்ணன், இரணியனைக் கிழிக்கும் நரசிங்கம், முதலைவாய்ப்பட்ட யானையைக் காக்கும் திருமால் எல்லாம் அவற்றில் உண்டு. மண்டபத்தின் அடித்தளத்தில் மனித முகமும் சிங்க உடலும் கொண்ட உருவங்கள் எழுபதுக்கும் மேல். சிதைந்த இந்துக் கோயிலிலிருந்து மிங் காலத் திருப்பணியின்போது இவை இங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஆனந்த குமாரசாமி 1933லேயே இச்சிற்பங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அதே கோயில் வளாகத்தில், 1974இல் விரிகுடாச் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த சுங் காலக் கப்பல் ஒன்றும் உண்டு. பதின்மூன்று அறைகளாகத் தடுக்கப்பட்ட கப்பல். மிளகும் சாம்பிராணியும் வாசனைக் கட்டைகளும் அதனுள் கிடைத்தன. சென்ற முறை நேரமில்லை என்று வாசலோடு திரும்பினோம். நினைத்தால் இப்போதும் வருத்தம்.

மூன்றாம் நாள் காலை சிதியான் கிராமம். நகருக்குத் தெற்கே ஜின்ஜியாங் பகுதியில் உள்ளது. அங்கே ஒரு சிறு கோயிலில், நான்கு கரங்களோடு, காலடியில் அசுரன் கிடக்க அமர்ந்திருக்கும் பெண் தெய்வத்தை ஊரார் குவான்யின் என்று வணங்கி வருகிறார்கள். நம் கண்ணுக்கு அவள் காளி. பெயர் மாறினாலும் ஊதுவத்தி அணையாமல் எரிகிறது. பிற்பகல் ஜியுரி மலை. நல்ல காற்று வேண்டி நகர அதிகாரிகள் ஆண்டுக்கு இருமுறை வழிபாடு நடத்தி, அச்செய்தியை அங்குள்ள பாறைகளில் பொறித்து வைத்தார்கள். எஞ்சியுள்ள அந்தப் பொறிப்புகள் 1174 முதல் 1266 வரை நீள்கின்றன. அரசாங்கமே காற்றுக்கு மனுப்போட்ட இடம் என்று நண்பர் ஒருவர் சொன்னார்.

நான்காம் நாள் காலை அருங்காட்சியகம், மாலை திரும்புதல். அந்த யானையும் லிங்கமும் உள்ள கல்லின் முன் மறுபடியும் நிற்க வேண்டும்.

*

அந்தக் கற்கள் எப்படிப் பிழைத்தன என்பதையும் சொல்ல வேண்டும். 1357 முதல் 1366 வரை சுவான்சௌவில் அந்நியர் தலைமையில் கலகமும் உள்நாட்டுப் போரும் நடந்தன. முடிவில் அந்நிய வணிகர் பழிவாங்கப்பட்டனர். அடுத்து வந்த மிங் அரசு தனியார் கடல் வணிகத்தைத் தடைசெய்தது. சிவன் கோயிலின் கற்கள் நகர மதிலுக்குள்ளும் வீட்டுச் சுவர்களுக்குள்ளும் போயின. இருபதாம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோது, வூ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர் கல்லுடைப்போரிடமிருந்து சிற்பங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தார். இந்து, இசுலாம், கிறித்தவம், மானி சமயம் என்ற வேறுபாடு அவருக்கில்லை. 1957இல் அவற்றைப் பற்றி நூலும் எழுதினார். நம் நாயனார் கோயிலின் எச்சங்கள் இன்று இருப்பதற்கு, தமிழ் ஓரெழுத்தும் அறியாத அந்த ஆசிரியருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இங்கே என்ன நடந்தது? நாகப்பட்டினத்துக்கு வடக்கே கடலோரமாகச் செங்கல் கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றது. புதுவெளிக் கோபுரம் என்றும் சீனக் கோபுரம் என்றும் அழைத்தார்கள். கடலிலிருந்து வருவோருக்கு அதுவே அடையாளம். 1846இல் சர் வால்டர் எலியட் அதைக் கண்டபோது மூன்று நிலைகள் எஞ்சியிருந்தன. வாங் தாயுவான் கண்ட சீனர் கோபுரம் அதுதானா, அல்லது கடாரத்தரசன் தன் தந்தை பெயரால் எடுத்து, இராசராசன் ஆனைமங்கலத்தை இறையிலியாகக் கொடுத்த சூடாமணி விகாரத்தின் எச்சமா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. (பொன்னியின் செல்வனில் இளவரசர் அருள்மொழி இந்த விகாரத்தில்தான் தங்குகிறார். லெய்டன் செப்பேட்டின்படி அது கட்டப்பட்டதே அவர் அரசரான பிறகு. கல்கிக்கு அந்த உரிமை உண்டு.) எதுவாயினும், 1867இல் சென்னை அரசின் அனுமதியோடு யேசு சபையார் அதை இடித்தனர். 1856 தொடங்கி 1930கள் வரை அப்பகுதியில் 350க்கும் மேற்பட்ட பௌத்தப் படிமங்கள் மண்ணிலிருந்து வெளிவந்தன. அவையாவது அருங்காட்சியகங்களில் பிழைத்தன. கோபுரம் பிழைக்கவில்லை. இடித்தவர்களை மட்டும் குறைசொல்வதும் முறையல்ல. இடியவிட்ட ஊரும் நம்முடையதுதான். அந்தச் செங்கல்லைச் சேர்க்க நம்மிடையே ஒரு பள்ளி ஆசிரியர் இல்லாமல் போனார்.

எங்கள் கோடிக்கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் சிதைவு ஒன்று இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் அது சரிந்தது. கடல் கொண்டுபோனதற்கு யாரும் பொறுப்பில்லை. அதற்கு முன்பு எத்தனை ஆண்டு அது கவனிப்பாரின்றி நின்றது என்பதற்கு நாமே பொறுப்பு.

திட்டத்தில் கடைசியாகச் சேர்த்த ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறோம். புறப்படுவதற்கு முந்தைய நாள் நாகப்பட்டினம் போகிறோம். கோபுரம் நின்ற பக்கமாகச் சற்று நேரம் நடந்துவிட்டு வருவோம். எலியட் வெளியிட்ட கட்டுரையில் கோபுரத்தின் படம் இருக்கிறது. அதைப் பெரிதாக அச்சிட்டு உறையிலிட்டு வைத்திருக்கிறோம். சுவான்சௌ அருங்காட்சியகத்தில் அந்த இளைஞர் இன்னும் இருப்பாரா என்று தெரியாது. அவர் இல்லாவிட்டால் அங்கே யார் இருக்கிறார்களோ அவரிடம் கொடுப்போம். அவர் கேட்ட கேள்விக்குச் சென்ற முறை ஒரே சொல்லில் பதில் சொன்னோம். இம்முறை 1267 என்றும் 1867 என்றும் இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.